முன்மாதிரிகள் பிள்ளைகளை உண்மையில் மாற்றுகிறார்களா? வேலூர் பக்கத்திலிருந்து ஒரு பதில்

ஆம்பூர் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்வி இது: "வகுப்பில் கலாம் படம் மாட்டியிருக்கிறோம். சாதனையாளர்களைப் பற்றிப் பேச்சுப் போட்டி வைக்கிறோம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாரம் ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். பிள்ளைகள் நன்றாகக் கைதட்டுகிறார்கள். ஆனால் பிளஸ் டூ முடிந்ததும் பலர் ஷூ கம்பெனி பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். முன்மாதிரி என்பதெல்லாம் வெறும் பேச்சுதானா?"

வெறும் பேச்சு இல்லை, அம்மா. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துப் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒரே ஓர் ஆளைப் பார்த்ததால் பாதை மாறிய பிள்ளைகளைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் பிள்ளையை நகர்த்திய அந்த ஆள் பெரும்பாலும் மேடையில் பேசப்பட்டவராக இருந்ததில்லை. அக்கம்பக்கத்தில் இருப்பவராக, பிள்ளையைவிட இரண்டு மூன்று படி மட்டும் மேலே நிற்பவராக இருந்தார். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் படத்தை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புப் பையன் கலாமைப் பார்த்து என்ன நினைக்கிறான்? பெரிய மனிதர், ராக்கெட் விட்டவர், ஜனாதிபதி. அவர்மேல் அவனுக்கு மரியாதை நிறையவே இருக்கிறது. ஆனால் அவர் நிற்கும் இடத்துக்கும் தான் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. தெரியாதபோது மனசு தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: அவர் வேற மாதிரி ஆள், நான் வேற மாதிரி ஆள்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பெனலோப் லாக்வுட், ஸீவா குண்டா என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவில் செய்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு அது. கணக்கியல் படிக்கும் மாணவர்களிடம், அதே துறையில் நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு மிகச் சிறந்த மாணவரைப் பற்றிய செய்தியைக் கொடுத்தார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு அதைப் படித்ததும் தங்கள்மேலேயே மதிப்புக் கூடியது. நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் கூடவில்லை. முதலாண்டு மாணவனுக்கு 'எனக்கும் நேரம் இருக்கிறது' என்ற எண்ணம் வந்தது; நான்காம் ஆண்டு மாணவனுக்கோ காலம் முடிந்துவிட்டது. சாதனை ஒன்றேதான். பார்க்கிறவன் தன்னால் எட்டமுடியும் என்று நினைக்கிறானா இல்லையா என்பதுதான் பலனைத் தீர்மானித்தது.

நம் வீடுகளில் நடக்கும் ஒப்பீட்டையும் இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். "எதிர் வீட்டுப் பையனைப் பார், எவ்வளவு மார்க்" என்று அப்பா சொல்லும்போது அவர் முன்மாதிரி காட்டுவதாகத்தான் நினைக்கிறார். பிள்ளையின் காதில் விழுவது 'நீ தோற்றவன்' என்ற தீர்ப்பு மட்டும்தான். அந்த எதிர் வீட்டுப் பையன் எப்படிப் படித்தான், எந்தப் பாடத்தில் தடுமாறினான், யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்டான் என்று ஒரு வார்த்தை அந்தப் பேச்சில் இருக்காது. இந்தப் பழக்கம் எத்தனை நல்ல பிள்ளைகளை முடக்கிப் போட்டிருக்கிறது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்படியானால் கலாம் படத்தைக் கழற்றிவிடலாமா? வேண்டாம். அவரைப் பற்றிச் சொல்லும் விதத்தை மாற்றுங்கள். 1979 ஆகஸ்ட் 10 அன்று அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3 ராக்கெட் கிளம்பிய சில நிமிடங்களில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. நடுவில் பதினோரு மாதம். எங்கே கசிவு ஏற்பட்டது என்று கண்டுபிடித்து, சரிசெய்து, மறுபடி சோதித்த மாதங்கள் அவை. உங்கள் காலைக் கூட்டத்தில் அந்தப் பதினோரு மாதத்தைப் பற்றிப் பேசுங்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க்கின் ஏழைப் பகுதிப் பள்ளிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்பு படித்த 402 பிள்ளைகளுக்கு ஐன்ஸ்டீன், மேரி கியூரி, ஃபாரடே பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். அவர்கள் பட்ட பாட்டையும் தோல்விகளையும் படித்த பிள்ளைகளின் அறிவியல் மதிப்பெண் ஏறியது. அதிலும் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கு நல்ல முன்னேற்றம். வெறும் சாதனைகளை மட்டும் படித்த பிள்ளைகளுக்கு அந்த ஏற்றம் வரவில்லை.

சரி, இப்போது நம் ஊருக்கு வருவோம். கணியம்பாடி ஒன்றியத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர். அந்த ஊர்ப் பையனுக்கு யாரும் ஊக்கப் பேச்சுப் பேசத் தேவையில்லை. லீவில் வந்திருக்கும் மாமாவோடு விடியற்காலையில் அவனும் ஓடுகிறான். ஆள்சேர்ப்பு முகாமுக்கு எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும், 1600 மீட்டர் ஓட்டத்துக்கு எத்தனை மாதம் முன்பே பழக வேண்டும், மெடிக்கலில் காதில் அழுக்கு இருந்தால்கூட நிறுத்திவைப்பார்கள், அதனால் முதலிலேயே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்பதெல்லாம் திண்ணைப் பேச்சிலேயே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. முதல் தடவை தேறாமல் திரும்பி வந்து மறு தடவை தேறிய அண்ணன் அடுத்த தெருவில் இருக்கிறார். அதனால் ஒரு தடவை தோற்றால் கதை முடிந்துவிட்டது என்று அந்த ஊரில் யாரும் நினைப்பதில்லை.

ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியலாளர் 1977-இல் 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்து எழுதினார். தானே செய்து வெற்றி காண்பதை அவர் முதலில் வைத்தார். அதற்கு அடுத்தபடி, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. 'தன்னைப் போன்ற' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அறிவுரையும் பாராட்டும் அவர் வரிசையில் அதற்குக் கீழேதான் வருகின்றன. கம்மவான்பேட்டைப் பையனுக்கு முதல் இரண்டும் தெருவிலேயே கிடைக்கின்றன.

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளு தூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் விஷயமும் இதே வழியில் வந்ததுதான். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார், 2018-இல் கோல்டு கோஸ்டில் மறுபடியும் தங்கம். அவருடைய அப்பா முன்னாள் ராணுவ வீரர், பளு தூக்கியவர். வீட்டிலேயே ஒருவர் இரும்பைத் தூக்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை.

ஆனால் அருகில் இருப்பது எல்லாமே நல்லது என்று சொல்லமாட்டேன். ஓர் ஊரில் ஒரே வகை முன்மாதிரி மட்டும் இருந்தால் பிள்ளையின் கண்ணுக்கு அது ஒன்றுதான் தெரியும். பட்டாளத்து ஊரில் ஓவியம் வரையும் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? உங்கள் ஆம்பூரில் இருக்கும் நிலைமையும் இதுதான். அக்கா ஷூ கம்பெனி, பக்கத்து வீட்டு அக்காவும் ஷூ கம்பெனி. அந்த வேலையைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. எத்தனையோ குடும்பங்கள் அந்தப் பெண்களின் சம்பளத்தில்தான் நிமிர்ந்தன. பிரச்சினை என்னவென்றால் உங்கள் மாணவி அந்த பஸ்ஸைத் தினமும் பார்க்கிறாள், எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். நர்சிங் கல்லூரிக்கோ சட்டக் கல்லூரிக்கோ போகும் வழி அப்படித் தெரியாது. அவள் ஆசையில்லாமல் அந்த பஸ்ஸில் ஏறவில்லை, தெரிந்த வழியில் போகிறாள்.

வேலூரில் முன்மாதிரி என்று பேச்செடுத்தால் ஐடா ஸ்கடர் பெயர் வராமல் இருக்காது. சாலைக்கே அவர் பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் அவர் கதையைத் தெய்வக் கதை மாதிரிச் சொல்லிப் பழகிவிட்டோம். மனுஷியாக வைத்துப் பார்த்தால் நமக்குக் கிடைப்பது இன்னும் அதிகம்.

அவர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தாவும் டாக்டர், அப்பாவும் டாக்டர், குடும்பமே மிஷன் வேலையில் இருந்தது. வீடு நிறைய முன்மாதிரிகள். அப்படியிருந்தும் அந்தப் பெண் 'இந்த வாழ்க்கை எனக்கு வேண்டவே வேண்டாம்' என்றுதான் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தவர், ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டியதைப் பார்த்தார். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு உயர்சாதி இந்து. மூவருடைய மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். டாக்டரான அப்பா வருவார் என்று ஐடா சொன்னபோது, வேற்று ஆண் பார்க்கக் கூடாது என்று மூவருமே மறுத்துப் போய்விட்டார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

இங்கே அவரை மாற்றியது முன்மாதிரி இல்லை, முன்மாதிரி இல்லாத வெற்றிடம். பெண் டாக்டர் என்று ஒருத்தி அந்த ஊரில் இல்லாததால் மூன்று உயிர் போனது. முதலில் போகிறவருக்குப் பார்த்து நடக்க ஆள் கிடைக்காது. கண் முன்னால் நிற்கும் தேவைதான் தள்ளிவிடும். அப்புறம், பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவக் கல்லூரி அமெரிக்காவில் அவருக்கு இருந்தது என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, 1900 தொடக்கத்தில் வேலூர் வந்தார். 1902-இல் நாற்பது படுக்கை கொண்ட மருத்துவமனை திறந்தது.

நம் கேள்விக்கு நேரடியான பதில் இதற்குப் பிறகுதான் வருகிறது. 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்க ஐடா அனுமதி கேட்டபோது, மூன்று பேர் விண்ணப்பித்தாலே பெரிய விஷயம் என்று மாகாண மருத்துவ அதிகாரி சொன்னாராம். வந்த விண்ணப்பங்கள் 151. பதினெட்டு ஆண்டுகளாக ஒரு பெண் டாக்டர் இந்த ஊரில் கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருந்தார் என்பதை அந்த அதிகாரி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி மரத்தடியில் வைத்தியம் பார்த்தவர் அவர். 1922-இல் முதல் அணியாகப் படித்து முடித்தவர்கள் 14 பெண்கள். ஐடா வெள்ளைக்காரப் பெண். நம் வீட்டுப் பெண்ணுக்கு அவர் எவ்வளவு செய்தாலும் 'அவங்க வேற' என்ற எண்ணம் போகாது. சேலை கட்டிய, நம் பெண்களைப் போன்ற அந்தப் பதினான்கு பேர் ஊர் ஊராகப் போய் டாக்டரம்மாவாக உட்கார்ந்த பிறகு 'அவங்க வேற' என்று சொல்ல முடியாமல் போயிற்று. ஐடா செய்ததில் ஆகப் பெரிய காரியம் இதுதான் என்பேன். தன்னைப் பார்த்து மலைக்க வைப்பதோடு நிற்காமல், தனக்கும் நம் பிள்ளைகளுக்கும் நடுவில் நிற்க ஒரு வரிசையையே உண்டாக்கினார்.

அதே மருத்துவமனையிலிருந்து இன்னொருவர் பெயரையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: டாக்டர் மேரி வர்கீஸ். கொச்சியில் பிறந்து வேலூரில் படித்தவர். 1954-இல் நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்போது அவர் இளம் டாக்டர், பெண்கள் மருத்துவத்தில் பயிற்சியில் இருந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் சரிசெய்துகொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட் அங்கே இருந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று அவர் காட்டிய வழியில், மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் முறிந்து, இனி வாழ்ந்து என்ன பயன் என்று படுத்திருக்கும் ஓர் ஆளை நினைத்துப் பாருங்கள். அவர் கட்டிலருகே வரும் பெரிய டாக்டரே சக்கர நாற்காலியில் வருகிறார். என்ன பேசினார் என்பதெல்லாம் அப்புறம். அவர் வந்த விதமே பாதி வைத்தியம். முன்மாதிரி எப்படி வேலை செய்கிறது என்று யாராவது ஒரே உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இதில் பால் பிராண்டின் பங்கையும் விட்டுவிடக் கூடாது. மேரிக்கு அவர் ஆறுதல் சொன்னதோடு நிறுத்தவில்லை. உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை எது என்று தேடிக் கையில் கொடுத்தார்.

பெண் தலைவர்கள் விஷயத்தில் நம் நாட்டிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. மேற்கு வங்கத்தில் பீர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களைப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வெளிவந்தது. இட ஒதுக்கீட்டால் தொடர்ந்து இரண்டு முறை பெண் பஞ்சாயத்துத் தலைவர் இருந்த ஊர்களில், மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் காணும் கனவில் இருந்த இடைவெளி 25 சதவீதம் குறைந்தது. பிள்ளைகளின் சொந்த ஆசைகளில் இருந்த இடைவெளி 32 சதவீதம் குறைந்தது. படிப்பில் ஆண், பெண் வித்தியாசமே மறைந்துபோயிற்று. பெண் பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவிடும் நேரமும் குறைந்தது. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. ஆனால் பல ஊர்களில் நாற்காலியில் கணவர் உட்கார்ந்துகொண்டு, தலைவரான அந்த அம்மா கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடப்படுகிறார். அதைப் பார்த்து வளரும் சிறுமி கற்றுக்கொள்வது நேர்மாறான பாடம். தானே பேசி, தானே முடிவெடுக்கும் தலைவி உங்கள் பள்ளி வட்டாரத்தில் ஒருவர் இருந்தாலும் போதும், அவரைத்தான் குடியரசு தினத்துக்குக் கொடியேற்றக் கூப்பிட வேண்டும்.

ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி 2024 பிப்ரவரியில் சிவில் நீதிபதித் தேர்வில் தேறிய செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். மலையில் வாழும் 'மலையாளி' என்ற பழங்குடிச் சமூகத்துப் பெண், அப்போது வயது 23. குழந்தை பிறந்த இரண்டாம் நாள் சென்னை போய்த் தேர்வு எழுதினார் என்பதைத்தான் எல்லோரும் பெரிதாகப் போட்டார்கள். பெரிய மன உறுதிதான், சந்தேகமில்லை. ஆனால் மலையில் படிக்கும் சிறுமிக்கு அதைவிடப் பயன்படும் செய்தி வேறு: அவர் ஏலகிரி மலையில் பள்ளி முடித்து, சட்டம் படித்து, டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வழியாக அங்கே போனார். பள்ளி, கல்லூரி, தேர்வு என்று மூன்று படி. நீதிபதி ஆவதற்கு இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

இனி நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஆண்டு விழாவுக்குப் பெரிய அதிகாரியைக் கூப்பிடுவது இருக்கட்டும். அதோடு, உங்கள் பள்ளியிலேயே படித்துப் போய் இரண்டு மூன்று வருஷம் ஆன பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள். நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண், பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போன ஒரு பையன், போலீஸ் தேர்வில் இரண்டாம் முறை தேறியவர், இப்படி. மேடை வேண்டாம், வகுப்பறையிலேயே உட்காரவைத்துப் பேசவிடுங்கள். எந்தப் பாடத்தில் தடுமாறினாய், ஹாஸ்டல் கட்டணம் எவ்வளவு, சாப்பாடு எப்படி, ஆங்கிலத்தில் பாடம் நடத்தும்போது முதல் ஆறு மாதம் எப்படிச் சமாளித்தாய், வீட்டில் யார் தடுத்தார்கள், எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று பிள்ளைகளே கேட்கட்டும். மாணவர் விடுதி எங்கே இருக்கிறது என்று தெரியாததாலேயே நல்ல இடத்தை விட்டவர்கள் உண்டு.

படிகளைக் காட்டும்போது திறந்திருக்கும் கதவுகளையும் கூடவே காட்ட வேண்டும். ஆசையைத் தூண்டிவிட்டுப் பணத்துக்கு வழி சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளை முன்பைவிட அதிகமாக நொந்துபோகும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அடுத்த வருஷமே பொறியியல் போன்ற தொழில் படிப்புகளுக்கும் வந்தது. உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது. இவற்றைச் சுற்றறிக்கையாகப் படித்துக் காட்டுவதைவிட, அந்த ஆயிரத்தை வாங்கிக்கொண்டிருக்கும் அக்காவே எந்தச் சான்றிதழ் கொடுத்தேன், எத்தனை நாளில் வங்கிக் கணக்கில் ஏறியது என்று சொன்னால் பிள்ளைகள் நோட்டை எடுத்து எழுதிக்கொள்வார்கள்.

ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் கூப்பிடாதீர்கள். வெவ்வேறு படிப்பு, வெவ்வேறு தெரு, வெவ்வேறு சாதி, ஆண், பெண் என்று கலந்து வரட்டும். கடைசி பெஞ்சில் இருப்பவன் தன்னைப் போன்ற ஒருவரை அந்த வரிசையில் எங்காவது காண வேண்டும். முதல் மதிப்பெண் வாங்கியவர்களை மட்டும் கூப்பிட்டால் அவனுக்கு அங்கே இடமில்லை.

அம்மாக்களை மறந்துவிடாதீர்கள். பெண் பிள்ளையின் மேற்படிப்பு பெரும்பாலும் அடுப்படியில்தான் முடிவாகிறது. படிக்கப் போன பெண்ணின் அம்மாவையும் கூட்டிவந்து, இன்னும் முடிவெடுக்காத அம்மாக்களோடு பேசவிடுங்கள். பெண்ணைத் தனியாக ஊருக்கு அனுப்பினால் என்ன ஆகுமோ என்ற பயத்துக்கு ஆசிரியர் சொல்லும் பதிலைவிட, அனுப்பிவைத்த இன்னொரு தாய் சொல்லும் பதிலுக்கு மதிப்பு அதிகம். அந்தக் கூட்டத்தை வேலை நாளில் வைக்காதீர்கள். ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மாக்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு.